குரங்குத் தீவின் கணக்குப் புத்தகம்



கணக்காளர் வேலையில் காலத்தை ஓட்டியவன் நான். பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைக் கண்டால் புரட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. இந்த மாதம் சொல்ல வந்ததும் அப்படியான ஒரு புத்தகத்தின் கதைதான். அதில் வரவும் செலவும் எழுதப்பட்டிருப்பது குரங்குகளுக்கு. பிறப்பு வரவு, இறப்பு செலவு.

கரீபியன் கடலில், அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ என்ற தீவு இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில் புந்தா சந்தியாகோ என்று ஒரு கடலோர ஊர். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கயோ சந்தியாகோ என்ற சின்னஞ்சிறு தீவு. பரப்பளவு 38 ஏக்கர் மட்டுமே. மனிதர் எவரும் அங்கே குடியில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ரீசஸ் குரங்குகள் வாழ்கின்றன. வட இந்தியாவில் கோயில்களிலும் புகையிரத நிலையங்களிலும் திரியும் அதே இனம். இலங்கையில் நாங்கள் கண்ட செங்குரங்கின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம்.

இந்தியக் குரங்குக்குக் கரீபியன் கடலில் என்ன வேலை?

1930களில் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிக்குக் குரங்குகள் இந்தியாவிலிருந்துதான் கப்பலேறின. நீண்ட பயணத்தில் பல நோய்ப்பட்டன. உலகப் போர் வரும் என்ற பயமும் இருந்தது. கடல்வழி அடைபட்டால் என்ன செய்வது? பக்கத்திலேயே ஒரு தீவில் வளர்ப்போம் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தீர்மானித்தார்கள். 1938 ஆம் ஆண்டு கிளாரன்ஸ் ரே கார்பென்டர் என்ற ஆய்வாளர் இந்தியா சென்று, 409 குரங்குகளைச் சேர்த்துக் கப்பலில் கொண்டுவந்து அந்தத் தீவில் விட்டார். இன்று அங்குள்ள ஒவ்வொரு குரங்கும் அந்த 409இன் வழித்தோன்றல். பின்னர் வெளியிலிருந்து குரங்குகள் சேர்க்கப்படவில்லை.

அந்த 409உம் ஒரே கூட்டம் அல்ல. வெவ்வேறு இடங்களில் பிடிக்கப்பட்டவை. ஒன்றுக்கு மற்றது அந்நியம். ஆகவே இறங்கிய கையோடு சண்டை தொடங்கியது. குட்டிகள் உட்படப் பல மடிந்தன. பிறகு மெல்ல மெல்லக் கூட்டங்கள் உருவாகி, யார் எங்கே இருப்பது, யார் முதலில் தின்பது என்ற ஒழுங்கு வந்தது. போர்க்காலத்தில் பணமும் தீனியும் தட்டுப்பட்டன. பல குரங்குகள் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்பட்டன. எண்ணிக்கை பெரிதும் குறைந்தது.

1956 இல் ஸ்டுவர்ட் ஆல்ட்மன் என்ற இளம் ஆய்வாளர் அங்கே போனார். ஒவ்வொரு குரங்குக்கும் அடையாளம் பச்சை குத்தி, முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார். நான் சொன்ன கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் அதுதான். இன்னும் அது மூடப்படவில்லை. இந்தக் குட்டியின் தாய் யார், பாட்டி யார், பூட்டி யார் என்று தலைமுறை தலைமுறையாக அதில் பார்க்கலாம்.

1960களில் டொனால்ட் சேட் என்பவர் இந்தப் பதிவுகளை வைத்துக் குரங்குக் குடும்பத்தின் சட்டதிட்டங்களை வெளிக்கொண்டுவந்தார். பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். ஆண் பருவம் வந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். தாயின் அந்தஸ்து மகளுக்குச் சீதனம் மாதிரி வந்து சேரும். ஒருவருக்கொருவர் பேன் பார்ப்பது போல மயிரை விலக்கி, அழுக்கை எடுத்துத் துப்புரவு செய்வார்கள். அதுதான் அவர்களுடைய நட்பின் நாணயம். தாய்க்கும் மகளுக்கும், சகோதரிகளுக்கும் இடையில் அது கூடுதலாகப் புழங்கும்.

தீவில் விளைவது அத்தனை வயிற்றுக்கும் போதாது. ஆகவே ஊழியர்கள் படகில் தீனிக் கட்டிகளைக் கொண்டுபோய், வேலியடைத்த இடங்களில் போடுவார்கள். மனிதர் கொடுக்கும் சாப்பாடு ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிவாரண வரிசையில் நின்றவர்கள்தானே நாங்கள்! பெரிய குடும்பத்தார் முன்னுக்கு, சிறியவர்கள் பின்னுக்கு. ரீசஸ் குரங்கு குரங்கினங்களிலேயே அதிகாரம் காட்டும் இனம். சொந்தத்தோடு நட்பு, மற்றவனுக்குப் பல்லைக் காட்டுதல். தீவின் வழமை இதுதான்.

2017 செப்டெம்பர் 20 ஆம் திகதி மரியா சூறாவளி வந்தது. மணிக்கு 250 கிலோமீற்றர் வேகக் காற்று, இந்தத் தீவுக்கு அண்மையாகவே கரை கடந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் இறந்தவர்கள் 2,975 பேர் என்று அடுத்த ஆண்டில் கணக்கிட்டார்கள். புந்தா சந்தியாகோ மக்கள் தண்ணீரும் சாப்பாடும் வேண்டுமென்று தெருவிலே பெரிய எழுத்தில் எழுதி, வானத்தில் பறப்பவர்களுக்குக் காட்டினார்கள். தங்கள் வீடுகளே சேதமான நிலையிலும், ஊழியர்கள் சில நாட்களில் குரங்குகளுக்குத் தீனி கொண்டுபோனார்கள்.

குரங்குகளில் பெரும்பாலானவை தப்பியிருந்தன. ஆனால் தீவின் பசுமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது. தீனியைப் படகில் கொண்டுவரலாம். நிழலைக் கொண்டுவர முடியுமா? மரமில்லாத இடத்தில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டியது. மிஞ்சிய கொஞ்ச நிழலுக்கு இனி அடிபிடிதான் என்று எவரும் நினைப்பார்கள்.

கமில் டெஸ்டார்ட், லோரன் பிரென்ட் முதலிய ஆய்வாளர்கள் சூறாவளிக்கு முந்திய பதிவுகளையும் பிந்திய பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கணக்கு வேறு விதமாக வந்தது. சண்டை குறைந்திருந்தது. முன்பு அருகில் விடாதவர்களைக் குரங்குகள் பக்கத்தில் இருக்க விட்டன. 2021 இல் வெளியான ஆய்வின்படி, அவை பழைய நட்பை இறுக்கிப் பிடிப்பதைவிடப் புதிய தொடர்புகளைத் தேடுவதிலேயே கவனம் காட்டின. முன்பு ஒதுங்கித் தனியாக இருந்தவைதான் கூடுதலாக மாறியிருந்தன.

2024 இல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் அழுத்தமானது. சூறாவளிக்கு முன் இந்த விட்டுக்கொடுப்புக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருக்கவில்லை. பின்னரோ, மற்றவர்களைப் பக்கத்தில் இருக்க விட்டவை இறக்கும் வாய்ப்பு, அப்படி விடாதவற்றைவிட 42 வீதம் குறைவாக இருந்தது. நண்பகல் வெயிலில் நிழலுக்காகத் தொடங்கிய பழக்கம், வெயில் ஏறாத காலை வேளையிலும் தொடர்ந்தது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் சொல்லவில்லை. 2022 இல் வந்த இன்னொரு ஆய்வின்படி, சூறாவளியைக் கண்ட குரங்குகளின் உடலில் நோய் எதிர்ப்புச் சக்தி சராசரியாக இரண்டு வருடம் கூடுதலாக முதுமை அடைந்திருந்தது. குரங்குக்கு இரண்டு வருடம் பெரிய காலம். தப்பியவர்கள் அதற்கும் ஒரு விலை கொடுத்துத்தான் தப்பினார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு நான் இங்கு வந்த முதல் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. ஒரு வீட்டில் ஒன்பது பேர். ஒரேயொரு ஹீற்றர். ஒன்பது பேரும் ஒன்பது ஊர். இயக்கக் கதை எடுத்தால் அடிபடக்கூடியவர்கள். ஊரில் இருந்திருந்தால் ஒரு திண்ணையில் இருந்திருக்க மாட்டோம். ஆனால் இரவிலே அந்த ஹீற்றரைச் சுற்றி எல்லோருக்கும் இடம் இருந்தது. அவர்களில் இருவரோடு எனக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர் அந்த இருவரில் ஒருவர்.

இன்று எங்களிடம் ஊர்ச் சங்கம் இருக்கிறது, பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. நல்லது. அவை நாங்கள் பேன் பார்க்கும் சொந்தங்கள். ஆனால் தனித்துப்போன முதியவர்களும், நேற்று வந்திறங்கிய பிள்ளைகளும் எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இல்லை. அவர்களில் ஒருவரைக் கோயில் வாசலிலோ கடையிலோ கண்டால், கொஞ்சம் தள்ளியிருந்து இடம் கொடுங்கள். சிநேகிதம் ஆகவேண்டும் என்றுகூட இல்லை. அந்தத் தீவின் கணக்குப் புத்தகத்தில், பக்கத்தில் இருக்க விட்டதே வரவாகப் பதிந்திருக்கிறது.