வட்டைக்குப் போன துவக்கு

பெரியநீலாவணைக்குக் கிழக்கே கடல், மேற்கே களப்பு. இரண்டுக்கும் நடுவே கல்முனையையும் மட்டக்களப்பையும் இணைக்கும் வீதி. இந்தக் கரையோர ஊர்களில் வேளாண்மை செய்தவர்களில் பலருக்கு வயல் வீட்டு வாசலில் இருந்ததில்லை. களப்புக்கு அப்பால் நாவிதன்வெளி, சவளக்கடை, மத்தியமுகாம் பக்கத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், இருந்தது. கிட்டங்கித் தாம்போதியைக் கடந்துதான் போக வேண்டும். கதிர் பால் பிடிக்கிற நாட்களில் பொழுது சாயும்போது ஒரு சைக்கிள் புறப்படும். பின்னால் சோற்று முடிச்சும் ரோச் லைட்டும், பாரோடு சேர்த்துக் கட்டிய சாக்குச் சுருளுக்குள் ஒரு துவக்கும் இருக்கும்.

வாகனத்தில் துவக்கு கொண்டுபோவது என்றால் இந்தக் கரையில் முதலில் நினைக்க வேண்டியது அந்தச் சைக்கிளைத்தான். அதை ஓட்டியவர் எந்த மனிதனுக்கும் பயந்து துவக்கைக் கட்டவில்லை. பன்றியும் யானையும்தான் அவருடைய எதிரிகள்.

துவக்கு என்ற சொல்லும் துப்பாக்கி என்ற சொல்லும் துருக்கியரின் ‘துஃபெக்’ வழி வந்தவை. பொருள் வந்தது போர்த்துக்கேயருடன், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வந்த சில பத்தாண்டுகளிலேயே அது இரு பக்கத்தார் கையிலும் இருந்தது. சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னை போர்த்துக்கேயருக்கு எதிராகக் கள்ளிக்கோட்டை சாமூதிரியிடம் உதவி கேட்டபோது, மரைக்காயர்களின் கடற்படை ஆளையும் ஆயுதத்தையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 1538இல் இராமநாதபுரக் கரையில் வேதாளையில் அது முறியடிக்கப்பட்டது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். கண்டிக் கம்மாளர்களும் வெள்ளி பதித்த துவக்குகளை அற்புதமாகச் செய்தார்கள். 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொள்ளையிட்டுப் போன, பிரதானி லேவுக்கேயின் பீரங்கி 2023இல்தான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பி வந்தது.

ஆங்கிலேயர் வந்த பிறகு துவக்கு காகிதத்துக்குக் கட்டுப்பட்டது. ஆனால் காகிதத்தில் முதலில் ஏறியது துவக்கு அல்ல, தற்காப்பு உரிமை.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் தம்பி. அதன் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தனியாள் தற்காப்பைப் பற்றியவை. தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்கச் செய்யும் செயல் குற்றமாகாது என்று அவை தொடங்குகின்றன. சாவோ கொடுங்காயமோ வரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிரியைக் கொல்வது வரைகூட உரிமை நீள்கிறது. சொத்தைக் காப்பதில் அந்த எல்லை இன்னும் குறுகியது: கொள்ளை, இரவில் வீடுடைத்தல், ஆள் வசிக்கிற அல்லது பொருள் வைத்திருக்கிற கட்டடத்துக்கோ கூடாரத்துக்கோ மரக்கலத்துக்கோ தீ வைத்தல் போன்றவற்றுக்கு மட்டுமே. கூடாரத்தையும் மரக்கலத்தையும் நினைத்துப் பார்த்த அந்தச் சட்டத்தில் வண்டி என்று தனியாக ஒரு சொல் இல்லை. வேண்டியதும் இல்லை. வழிமறித்துக் கொள்ளையடிப்பவனை எதிர்க்கும் உரிமை வீதியிலும் வீட்டிலும் ஒன்றுதான். சட்டம் இடத்தைப் பார்க்காமல் ஆபத்தைப் பார்த்தது.

அதே பகுதியின் 92ஆம் பிரிவு உரிமைக்கு வேலி போடுகிறது. பொலிஸையோ அரச அதிகாரத்தையோ நாடி உதவி பெற நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. கடமையை நல்லெண்ணத்தோடு செய்யும் அரச ஊழியருக்கு எதிராக, அவர் செயல் சட்டப்படி முழுக்கச் சரியாக இல்லாவிட்டாலும், சாவு அல்லது கொடுங்காய அச்சம் இல்லாதவரை உரிமை இல்லை. பிற்காலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்ற தலைமுறைக்கு இந்தக் கடைசி வரியின் பாரம் நன்றாகத் தெரியும்.

உரிமை எல்லோருக்கும் கிடைத்தது. கருவி அப்படிக் கிடைக்கவில்லை. 1915ஆம் ஆண்டு மே மாத முடிவில் கண்டியில் தொடங்கி முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்த கலவரமும், அதை அடக்க வந்த இராணுவச் சட்டமும் முடிந்த மறு வருடமே, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றும் அதுதான் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குக்கு மாவட்ட நிர்வாகமும், ஆட்பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கிக்குப் பாதுகாப்பு அமைச்சும் அனுமதி தரும் என்ற பிரிவு இன்று நடைமுறையில் இருக்கிறது.

கரையோரத்து விவசாயிக்கு 1961 வரை மாவட்ட அலுவலகமான கச்சேரி என்றால் மட்டக்களப்பு. அந்த ஆண்டு அம்பாறை தனி மாவட்டமானது. அதன் பிறகு துவக்கு லைசன்சுக்கும் காணிக்கும் அம்பாறைக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே காரியங்கள் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடந்தன. தமிழில் எழுதப் படித்த போடியார் ஒருவர் தன் வேளாண்மையைப் பன்றியிடமிருந்து காக்கத் தனக்குப் புரியாத மொழியில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு இத்தகைய சின்னச் சின்ன அலைச்சல்களும் காரணம்.

வட்டைக் காவல் இரவு முழுவதும் நீளும். பரணில் ஏறி இருப்பார்கள், தீ மூட்டுவார்கள், தகரத்தில் தட்டுவார்கள், கூக்குரல் இடுவார்கள். இதெல்லாம் பலிக்காவிட்டால்தான் துவக்கு பேசும். லைசன்ஸ் உள்ளவரிடம் சொட்கன், இல்லாதவரிடம் மருந்து இடித்துச் சுடும் இடியன். பன்றி வரும் பாதையில் கம்பி கட்டி வைக்கும் கட்டுத் துவக்கும் இருந்தது. சட்டத்துக்கு மாறான அது, பன்றிக்கும் பாதை மாறி வந்த மனிதனுக்கும் வேறுபாடு தெரியாத பொறி. யானையைச் சுட முடியாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல். பெரியநீலாவணையில் 1931இல் பிறந்து அந்த ஊரின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்ட நீலாவணன், ‘வேளாண்மை’ என்று ஒரு காவியமே எழுதினார். உழுவதிலிருந்து அறுப்பது வரை இந்த மண்ணின் வாழ்வு முழுவதும் நெல்லைச் சுற்றித்தான் ஓடியது என்பதற்கு அந்தத் தலைப்பே சாட்சி.

துவக்கைப் பற்றிய பயம் துவக்கை விடப் பெரியது என்பதை 1956 ஜூன் காட்டியது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிக் குடியேற்றங்கள் பரவியிருந்த காலம். சிங்களம் மட்டும் சட்டத்தை ஒட்டிய பதற்றத்தில், துவக்கேந்திய தமிழர் படை ஒன்று கரையிலிருந்து வருகிறது என்ற வதந்தி கிளம்பியது. அப்படி ஒரு படை வரவே இல்லை. வதந்தியை நம்பியவர்கள் திட்டத்துக்குச் சொந்தமான வாகனங்களையும் வெடிமருந்தையும் கைப்பற்றிக்கொண்டு தமிழ்க் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பல நூல்களில் காணப்படும் கணக்கு. தற்காப்பு என்ற சொல்லை முன்னால் நிறுத்திக்கொண்டு நடந்த தாக்குதல் அது.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சிக்காரர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது அவர்களிடம் இருந்தவற்றில் பெரும்பங்கு கைக்குண்டுகளும் சொட்கன்களும். அதிலிருந்து அரசு கிராமத்துத் துவக்கை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும், 1983 முதல் 2011 வரை சில இடைவெளிகளோடு நீடித்த அவசரகால விதிகளும் அந்தப் பார்வையைச் சட்டமாக்கின. சைக்கிள் பாரில் கட்டிய சாக்குச் சுருள் இப்போது வீட்டையே அழிக்கக்கூடிய சுருளாயிற்று. வட்டைக் காவலுக்குப் போனவர்கள் இராக்காவலை விட்டார்கள். சிலர் வட்டையையே விட்டார்கள்.

பிறகு 1990. ஜூன் 11ஆம் திகதி விடுதலைப் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்தார்கள், கல்முனை நிலையம் உட்பட. சரணடையும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்த பொலிஸார் ஏறக்குறைய 600 பேர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் இராணுவம் கல்முனைக்குத் திரும்பியபோது தமிழ்ப் பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள், காணாமலாக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரையும், 11ஆம் திகதி இரவு தொடங்கி ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்களையும் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையில் ஊர்காவற்படையினரும் விசேட அதிரடிப்படையினரும் குற்றம்சாட்டப்பட்டார்கள். ஒரே கோடை, ஒரே கரை, பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

ஊர்காவற்படை அந்தப் பயத்தில்தான் கிழக்கெங்கும் பெருகியது. அரசு சிங்கள ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் இளைஞர்களைச் சேர்த்து அவர்கள் கையில் கொடுத்தது பெரும்பாலும் சொட்கன். ஒரு காலத்தில் பன்றிக்காக வட்டைக்குப் போன அதே ரகத் துவக்கு, இப்போது அரசின் முத்திரையோடு ஊர் எல்லையில் நின்றது. இரவில் பிள்ளைகளை உறங்கவைத்த தாய்க்கு அது உண்மையான ஆறுதல். அதை யாரும் சிறிதாக எண்ண முடியாது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் அதே துவக்கின் வாய் தெரிந்தது. தண்டனைச் சட்டக்கோவை தமிழனுக்கும் முஸ்லிமுக்கும் சிங்களவனுக்கும் ஒரே தற்காப்பு உரிமையைத் தந்திருந்தது. துவக்கு மட்டும் ஊருக்கு ஊர் கணக்குப் பார்த்துப் பிரிக்கப்பட்டது. முஸ்லிம் ஊரான மருதமுனைக்கும் தமிழர் வாழும் பெரியநீலாவணைக்கும் நடுவே மதில் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் இருட்டிய பிறகு அந்தச் சிறு தூரத்தை நடக்கப் பலர் தயங்கினார்கள்.

தற்காப்பு உரிமையோடு துவக்கும் சேர்ந்து வர வேண்டுமா என்ற கேள்வி உலகின் வேறொரு மூலையில் வேறு வழியில் போனது. ‘ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை’ என்பது 1604இல் இங்கிலாந்து வழக்கொன்றில் நிலைபெற்ற கொள்கை. அமெரிக்காவில் அது ஆயுதம் ஏந்தும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 2ஆவது திருத்தத்தோடு சேர்ந்து வளர்ந்து, வீட்டிலிருந்து இறங்கி வாகனத்திலும் ஏறிக்கொண்டது. 2007இல் டெக்சஸ் மாநிலம் இரண்டு சட்டங்கள் செய்தது. ஒன்று, வாகனத்துக்குள் பலவந்தமாக நுழைபவனை எதிர்ப்பதை வீட்டைக் காப்பதற்குச் சமமாக வைத்தது. மற்றது, சொந்த வாகனத்தில் மறைத்து வைத்த கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதி தேவையில்லை என்றது. அங்கே துவக்கு உரிமையின் ஒரு பகுதி. இங்கே உரிமை ஒன்று, துவக்கு வேறொன்று. சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கு 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. துவக்கைக் கொண்டு பாரிய குற்றம் செய்தால் தண்டனை ஆயுள் சிறை அல்லது மரணம் வரை நீளும்.

இலங்கை வீதியில் வாகனத்துக்குள் துவக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 மே 9ஆம் திகதி நிட்டம்புவையில் ஒரு விடை கிடைத்தது. பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரளவின் வாகனத்தைக் கூட்டம் மறித்தது. வெடிச்சத்தம் கேட்டது, ஆர்ப்பாட்டக்காரர்கள் காயப்பட்டார்கள். உறுப்பினரும் அவருடைய பாதுகாப்புப் பொலிஸ் அலுவலரும் கொல்லப்பட்டார்கள். வாகனத்தில் இருந்த துவக்கு அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

கரையோரத்தில் அதற்கு மூன்று வருடம் முன்பே வேறொரு சோதனை வந்திருந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு, 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் நடந்த மோதலிலும் குண்டுவெடிப்பிலும் குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். தொடர்ந்து வீடு வீடாகத் தேடுதல். வாளையும் பெரிய கத்தியையும் பொலிஸில் ஒப்படைக்கும்படி நாடெங்கும் அறிவித்தல் வந்தது. தேங்காய் உரிக்கிற, மாடு அறுக்கிற, காடு வெட்டுகிற வீடுகளில் எந்தக் கத்தி கருவி, எந்தக் கத்தி ஆயுதம் என்று மக்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள்.

2024இன் கடைசியில் பாதுகாப்பு அமைச்சு, ஆட்பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்குக் கொடுத்த சுடுகலன்களை மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னது. வெலிசறையில் உள்ள கடற்படையின் வணிக வெடிபொருள் பிரிவில் கொடுக்க வேண்டும். முதலில் நவம்பர் 7 என்ற கெடு, பிறகு நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போயிற்று. கேட்கப்பட்டவை வசதியுள்ளவர்களின் இடுப்பிலும் வாகனத்திலும் இருந்த துப்பாக்கிகள்.

வட்டையின் கதை அதற்கு வெளியே நடக்கிறது. யானைகள் இப்போது முன்னைவிட நெருக்கமாக வருகின்றன. அஷ்ரப் நகருக்கு அருகே பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று திரியும் கூட்டங்களை உலகமே படத்தில் பார்த்தது. காரைதீவு, நிந்தவூர்ப் பக்கத்து வயல்களுக்குள்ளும் இறங்குகின்றன. இன்று விவசாயிக்கு எளிதில் கிடைப்பது வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடிதான். கதிர் பால் பிடிக்கிற நாட்களில் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே போகிற மோட்டார் சைக்கிளில் சோற்று முடிச்சு இருக்கிறது, ரோச் இருக்கிறது, ஒரு பையில் நாலைந்து யானை வெடி இருக்கிறது. பாரில் சாக்குச் சுருள் இல்லை.