நகைப்பின் அடியில் வலி: ஹாங்காங் குங்ஃபூ நகைச்சுவைத் திரைப்படங்களின் ஈர்ப்பும் வரலாறும்

முன்னுரை

சண்டைக்கலை நகைச்சுவைத் திரைப்படங்கள் மிகையைத் தம் இயல்பாகக் கொண்டவை. அவற்றில் நாற்காலி, ஏணி, கிண்ணம் ஆகிய யாவும் படைக்கலமாகும்; அடிபட்டு விழுந்தவன் அடுத்த நொடியே எழுவான்; குடிமயக்கத்தில் தள்ளாடுபவன் வெல்வான். தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட ஜாக்கி சான் படங்களின் வழியாகத் தமிழ்ப் பார்வையாளருக்கும் இவ்வகைமை பழக்கமானதே. எனினும் வெறும் பொழுதுபோக்கு என்ற மதிப்பீட்டுடன் இவை பெரும்பாலும் கடந்துசெல்லப்படுகின்றன. இம்மிகை ஏன் ஈர்க்கிறது என்னும் வினாவிற்கு ஹாங்காங் திரைவரலாற்றின் வழி விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. திரையில் காணும் விளையாட்டிற்கு அடியில் மெய்யான உடலுழைப்பும் வலியும் இருப்பதைப் பார்வையாளர் உணர்வதே இவ்வீர்ப்பின் அடிப்படை என்பதும், அவ்வுழைப்பை உருவாக்கிய பயிற்சிமுறை மறைந்துகொண்டிருந்த காலத்திலேயே இவ்வகைமை தழைத்தது என்பதும் இதன் கருதுகோள்கள்.

வீரத்திலிருந்து நகைப்பிற்கு

1949-இல் தொடங்கிய வோங் ஃபெய்ஹங் படவரிசையில் குவான் டக்ஹிங் ஏற்ற வேடம், அறமும் அடக்கமும் நிறைந்த ஆசானின் வேடம். 1970-களின் தொடக்கத்தில் வந்த புரூஸ் லீயின் படங்களில் அடக்கத்தின் இடத்தைச் சினம் பிடித்தது. இவ்விருவரும் வேறுபட்டவர்கள். ஆயினும் ஒரு பண்பு இருவருக்கும் பொது: கதை தொடங்கும்போதே நாயகன் கலையில் முழுமை பெற்றிருப்பான். அவன் கற்ற பாடும் பட்ட அடியும் படத்திற்கு வெளியே நின்றுவிடும்.

1973 ஜூலை 20 அன்று புரூஸ் லீ மறைந்தார். அவரைப் போலி செய்த படங்கள் பல வந்தும் அவர் விட்டுச்சென்ற இடம் நிரம்பவில்லை. அதே ஆண்டில் சோர் யுவென் இயக்கிய 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' ஹாங்காங்கில் பெருவெற்றி பெற்றது. மாண்டரின் மொழிப் படங்கள் மேலோங்கியிருந்த சூழலில், நெருக்கடியான குடியிருப்பில் வாழும் எளியோரின் கதையை அது கான்டனீஸ் மொழியில் கூறியது. மைக்கேல் ஹூயியின் 'கேம்ஸ் கேம்ப்ளர்ஸ் பிளே' (1974), 'தி பிரைவேட் ஐஸ்' (1976) ஆகிய படங்கள் அப்போக்கை வலுப்படுத்தின. இடையில் லாவ் கார்லியுங் தம் முதல் படமான 'தி ஸ்பிரிச்சுவல் பாக்சர்' (1975) வழியே, தெய்வ ஆற்றல் உடையவனாக நடித்துப் பிழைக்கும் ஒருவனை நாயகனாக்கினார். வீரன் ஏமாற்றுக்காரனாகவும் இருக்கலாம் என்ற வழி அங்கே திறந்தது.

1978: மாணவன் நாயகனாதல்

யுவென் வூபிங் 1978-இல் இயக்கிய 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' ஆகிய இரு படங்கள் இவ்வகைமையை நிலைநிறுத்தின. முன்னதில் ஜாக்கி சான் ஏற்ற பாத்திரம் சண்டைக்கலைக் கூடமொன்றில் தரை துடைக்கும் பணியாள்; பிறர் அடித்துப் பழகுவதற்குரிய உயிருள்ள மூட்டை. பின்னதில் அவர் இளம் வோங் ஃபெய்ஹங். குவான் டக்ஹிங் கால் நூற்றாண்டாக அறத்தின் உருவாகக் காட்டிய அதே மனிதர் இங்குச் சோம்பேறியாகவும் குறும்பராகவும் வருகிறார்.

இம்மாற்றத்தின் பயன், கற்றலே கதையாவது. தலைகீழாகத் தொங்கும் மாணவன் உடலை வளைத்து வளைத்துக் கீழுள்ள நீரைச் சிறு கிண்ணங்களால் மேலே உள்ள வாளிக்கு மாற்ற வேண்டும். இக்காட்சி சிரிப்பூட்டுகிறது, ஆனால் வயிற்றுத் தசையின் நடுக்கம் நடிப்பன்று. இறுதிச் சண்டையில் மற்றொரு நுட்பம் உண்டு. எட்டுக் குடிமயக்க முறைகளுள் பெண் தெய்வத்திற்குரிய எட்டாவதை அவன் பெண்மையது என இகழ்ந்து கற்காமல் விட்டிருந்தான். உயிர் போகும் நிலையில் அதையே தானாகப் புனைந்து ஆடி வெல்கிறான். ஆண்மைச் செருக்கைக் கைவிட்டவனே வெல்வான் என்பதை முந்தைய வீரப் படங்கள் இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க இயலாது.

ஆடை, நெகிழி, பொம்மைத் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த அன்றைய ஹாங்காங்கில், ஏவலும் வசவும் கேட்டு வேலை பழகிய இளைஞர், இப்பணியாளிடம் தம்மைக் கண்டனர் எனக் கருத இடமுண்டு.

மேடைப் பள்ளியும் கோமாளியும்

இத்தகைய உடல்கள் எங்கிருந்து வந்தன? ஜாக்கி சான், சாம்மோ ஹங், யுவென் பியாவ் ஆகியோர் யூ ஜிம்யுவென் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியின் மாணவர்கள். ஜாக்கி சான் குழந்தையாகவே பத்தாண்டு ஒப்பந்தத்தில் அங்குச் சேர்க்கப்பட்டார். பிரம்படி, நெடுநேரம் தலைகீழாக நிற்றல், தூக்கக் குறைவு ஆகியவற்றையும், மாணவர் மேடையேறி ஈட்டிய வருவாய் ஆசானைச் சேர்ந்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

பீக்கிங் இசைநாடகத்தின் கோமாளிப் பாத்திரம் 'சோவ்' எனப்படும். அதன் ஒரு பிரிவான 'வூசோவ்' சண்டையிடும் கோமாளிக்குரியது. 'சான் சா கோவ்' என்னும் புகழ்பெற்ற நாடகத்தில், ஒளி நிறைந்த மேடையில் இருவர் இருளில் இருப்பதாகப் பாவித்துத் தடவித் தடவிச் சண்டையிடுவர். வாள் மயிரிழையில் தப்பும்போது அவையினர் நகைப்பர். அதே கணத்தில் வியப்பர். குங்ஃபூ நகைச்சுவை புதிதாகத் தோன்றியதன்று. மேடையில் வாய்ப்பிழந்த மரபு திரைக்குக் குடிபெயர்ந்ததன் விளைவு அது.

ஹாங்காங்கில் தொடக்கக் கல்வி 1971-இல் இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. 1978-இல் அது ஒன்பது ஆண்டுக் கல்வியாக விரிந்தது. 'டிரங்கன் மாஸ்டர்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஒன்று மற்றொன்றின் காரணம் என்பது இங்கு வாதமன்று. குழந்தையை ஆசானிடம் ஒப்படைத்துவிடும் வாழ்முறைக்குச் சமூகம் கதவடைத்த வேளையில், அம்முறையின் கொடுமை திரையில் நகைப்பாக மாறியது என்பதே கருதத்தக்கது. முடிந்துபோன வலியை நோக்கியே சிரிக்க இயலும்.

இச்சிரிப்பு குற்றமற்றதா என்ற வினா எழுதல் இயல்பு. படத்தின் இறுதியில் தவறிய காட்சிகளையும் காயங்களையும் காட்டும் வழக்கம் இங்குக் கவனிக்கத்தக்கது. 'புராஜெக்ட் ஏ' (1983) படத்தில் மணிக்கூண்டிலிருந்து விழும் காட்சிக்குப் பின், படமுடிவில் சிரிப்பு அடங்கி வலியே மிஞ்சுகிறது. அலெக்ஸ் லா இயக்கிய 'பெயின்டட் ஃபேசஸ்' (1988) அப்பள்ளி வாழ்வைத் துயரத்துடன் மீட்டெடுத்தது. அதில் தம் ஆசானாகவே சாம்மோ ஹங் நடித்தார். அடித்தவரின் வேடத்தை அடிபட்டவரே ஏற்றபோது வெறுப்பும் நன்றியும் பிரித்தறிய முடியாதபடி கலந்தன.

கணினியும் மூத்த உடல்களும்

ஸ்டீஃபன் சோவின் 'குங்ஃபூ ஹஸில்' (2004) மிகையின் எல்லையைக் கணினியின் துணையால் விரித்தது. ஓடுபவரின் கால்கள் கேலிச்சித்திரம் போலச் சக்கரமாகச் சுழல்கின்றன. ஆயினும் அதன் குடியிருப்பு 1973-ஆம் ஆண்டுப் படத்தை நினைவூட்டுகிறது. குடியிருப்பின் உரிமையாளராக வரும் யுவென் வா, யுவென் சியூ இருவரும் யூ ஜிம்யுவெனின் மாணவர்கள். எதையும் வரைந்து காட்டவல்ல தொழில்நுட்பம் கைக்கு வந்த பின்னும், உண்மையாகப் பயின்ற உடல்களைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. சிகரெட்டும் கூந்தல் சுருட்டிகளுமாக வரும் நடுவயதுப் பெண் மாபெரும் ஆற்றலுடையவர் என வெளிப்படும்போது, நகைப்பு மரியாதையாக மாறுகிறது.

முடிவுரை

மிகைநவிற்சி உண்மையை மறைப்பதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. குங்ஃபூ நகைச்சுவையில் அது உண்மையைத் தாங்கக்கூடிய அளவில் காட்டும் வழியாக அமைந்தது. வீரப் படங்கள் ஆற்றலை மட்டும் காட்டின. இவை ஆற்றலின் விலையைக் காட்டின. அவ்விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாமாகத் தேர்ந்துகொள்ளும் வயதை எட்டாத சிறுவர்கள். ஆகவே இப்படங்களைச் சிறுபிள்ளை விளையாட்டு என ஒதுக்குவது அவற்றின் வரலாற்றைத் தவறவிடுவதாகும். விளையாடியிருக்க வேண்டிய வயதில் உழைத்தவர்கள், வளர்ந்தபின் அவ்வுழைப்பையே விளையாட்டாக்கிக் காட்டிய வரலாறு அது.