எதிர்க்காற்றில் முன்னால் போனவர்

சைக்கிள் பந்தயம் என்றதும் நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் வருவது, ஊர் மைதானத்தில் ஒலிபெருக்கி அலற, ஒரு ஆள் இரவு பகலாகக் கால் ஊன்றாமல் சைக்கிள் சுற்றுவதுதான். ஐரோப்பாவில் கதையே வேறு. டூர் டி பிரான்ஸ் என்பது மூன்று வாரம், 21 கட்டம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

அந்த உலகத்தில் பிழைத்த ஒரு போலந்துக்காரரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் ரஃபாவ் மைக்கா. நமக்கும் அவருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாம் பிழைக்க வந்த இந்த அமீரகத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு 2021 முதல் 2025 வரை ஓட்டியவர் அவர். ஒரு வகையில் நம்மைப் போல வளைகுடாச் சம்பளக்காரர்!

முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்தவனுக்குத் தெரியும், முன்னால் ஒரு ஆள் போனால் பின்னால் வருபவனுக்கு எவ்வளவு சுகம் என்று. சமதரையில் வேகமாகப் போகும்போது, ஒட்டிப் பின்தொடர்பவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம் என்கிறார்கள். பந்தய அணிகள் நடப்பதே இந்தக் கணக்கில்தான். அணிக்கு ஒரு தலைவர். மற்றவர்கள் அவருக்காகக் காற்றை வாங்குவார்கள், தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள், தேவைப்பட்டால் சைக்கிளையே கழற்றிக் கொடுப்பார்கள். இவர்களுக்கு பிரெஞ்சில் 'டொமெஸ்டிக்' என்று பெயர். வீட்டு வேலையாள் என்று அர்த்தம்.

போலந்து வீரர்களுக்கு இது பிழைப்புக்காகப் போன வேலை. கம்யூனிச ஆட்சியில் அங்கே தொழில்முறை விளையாட்டு கிடையாது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய செஸ்வாவ் லாங்க், 1982-ல் இத்தாலிய அணி ஒன்றில் சேர்ந்தார். போலந்திலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவர்தான். பிறகு ஊர் திரும்பி, 1928-ல் தொடங்கிய போலந்துச் சுற்றுப் பந்தயத்தை 1993-லிருந்து தானே நடத்தத் தொடங்கினார். அதே 1993-ல் ஸெனோன் யாஸ்குவா டூரில் மூன்றாவதாக வந்தார். பிரெனே மலையில் பிளா தாதே என்ற ஏற்றத்தில் ஒரு கட்டத்தையும் ஜெயித்தார்.

மைக்கா 1989-ல் பிறந்தவர். 2011-ல் அவரை எடுத்த அணி ஒரு டென்மார்க் வங்கியின் பெயரில் இருந்தது. அடுத்த வருடம் அதே பெயரோடு ரஷ்ய வங்கி ஒன்றும் ஒட்டிக்கொண்டது. வங்கிக்காரனான எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

2014-ல் மே மாதம் இத்தாலிச் சுற்றில் ஆறாவதாக வந்து அலுத்துப் போயிருந்தவரை, அணியில் இன்னொருவர் போக முடியாததால் டூருக்குக் கூப்பிட்டார்கள். விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் போனார். பத்தாவது கட்டத்தில் தலைவர் கோன்டடோர் விழுந்து கால் எலும்பு முறிந்து வெளியேறினார். யாருக்காக உழைக்க வந்தாரோ அவரே இல்லை. அதன் பிறகு மைக்கா ரிசூலில் ஒரு கட்டம் ஜெயித்தார். பிளா தாதேயில் இன்னொன்று, யாஸ்குவாவுக்கு 21 வருடம் கழித்து அதே இடத்தில்! அந்த ஏற்றம் சுமார் 10 கிலோமீட்டர். 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம். போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி நம் மூணாறைவிடச் சற்று உயரம். மலை ஏறுவதில் முதல்வருக்கான, வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்ட சட்டை அந்த வருடம் அவருக்குத்தான்.

2016-ல் மறுபடி அதே சட்டை. கவனியுங்கள், அந்த வருடமும் கோன்டடோர் பாதியில் விலகியிருந்தார். 2015 ஸ்பெயின் சுற்றில் மூன்றாம் இடம் பிடித்தபோதும் கோன்டடோர் வந்திருக்கவில்லை. ரியோ ஒலிம்பிக்கில் தனியாக முன்னால் போய், கடைசி இரண்டு கிலோமீட்டருக்குள் பிடிபட்டு வெண்கலம் வாங்கினார்.

ஆக, இவரால் முடியாததால் உதவியாளர் ஆகவில்லை. முடிந்தவர்தான், முறை வரும்போது மட்டும் முடிந்தது. 2021-ல் அமீரக அணிக்கு வந்து, தன்னைவிட ஒன்பது வயது இளைய போகாச்சருக்காக மலைகளில் முன்னால் இழுத்தார். 2021 டூரும் 2024 இத்தாலிச் சுற்றும் போகாச்சர் பெயரில் இருக்கின்றன. மைக்கா 2025 சீசனோடு ஓய்வு பெற்றார்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் குடும்பங்களின் மூத்த பிள்ளைகள்தான் நினைவில் வந்தார்கள். தம்பி படிப்புக்கும் தங்கை கல்யாணத்துக்கும் இங்கே வந்து இருபது வருடம் காற்று வாங்கியவர்கள். ஆனால் ஒப்பீட்டை அதோடு நிறுத்தக் கூடாது. மைக்காவின் வேலைக்கு ஒரு பெயர் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. டூரில் ஜெயித்தவர் பரிசுப் பணத்தை அணியோடு பங்கு போடுவது அங்கே வழக்கம். உழைப்பு கணக்கில் ஏறுகிறது. நம் வீடுகளில் அண்ணன் அனுப்பியது 'கடமை' என்ற தலைப்பில் போய்விடுகிறது. எந்தப் பேரேட்டிலும் வரவு வைப்பதில்லை. தம்பி வீடு கட்டி முடிக்கும்போது அண்ணனுக்கு முழங்கால் வலி ஆரம்பித்திருக்கும்.

தியாகம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது சுலபம். அதைவிட, அவர் பெயரில் ஒரு வைப்பு நிதி போடுங்கள். பூர்விக நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது அவர் அனுப்பியதையும் எழுதிக் கூட்டுங்கள். அடுத்த விடுமுறையில் ஊரில் பக்கத்தில் உட்காரும்போது, "உனக்கென்று என்ன செய்ய நினைத்தாய் அண்ணா?" என்று ஒரு தடவையாவது கேளுங்கள். தலைவர் விழுந்தால்தான் மற்றவருக்கு முறை வரும் என்பது பந்தயத்தின் விதி. வீட்டுக்கு அந்த விதி தேவையில்லை.