இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகம்

சிகாகோவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 90 கி.மீ. தொலைவில், மெக்ஹென்றி மாவட்டத்துச் சோள வயல்களுக்கு நடுவே யூனியன் என்றொரு சிற்றூர். அதன் ஓரத்தில் அமைந்துள்ள இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகம் அமெரிக்காவின் மிகப் பெரிய ரயில் அருங்காட்சியகம். நீராவி இன்ஜின்கள், டீசல் இன்ஜின்கள், பயணிகள் பெட்டிகள், சரக்கு வண்டிகள், டிராம்கள், மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்கள் என 450-க்கும் மேற்பட்ட வண்டிகள் இங்கே உள்ளன. அவற்றில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன; பார்க்க வந்தவர்கள் ஏறிப் பயணம் செய்யலாம். கயிறு கட்டித் தடுத்த கண்காட்சியை எதிர்பார்த்து வருபவருக்கு இதுவே முதல் வியப்பு.

அருங்காட்சியகம் தொடங்கியது இப்படித்தான்: 1953-இல் பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு ஒரே ஒரு பெட்டியை வாங்கினார்கள். இண்டியானா ரயில்ரோடு நிறுவனத்துக்காக 1931-இல் கட்டப்பட்ட 65-ஆம் எண் மின்ரயில் பெட்டி அது. நகரத் தெருவில் டிராமாகவும் ஊரைத் தாண்டியதும் ரயிலாகவும் ஓடிய இந்த வகை வண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்கள் எங்கும் பரவியிருந்தன. காரும் தார்ச்சாலையும் பெருகியதும் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 65-ஆம் எண் தப்பியதற்குக் காரணம், அயோவா மாநிலத்து நிறுவனம் ஒன்று அதைப் பழைய வண்டியாக வாங்கி 1953 வரை ஓட்டியதுதான். இங்குள்ள பல வண்டிகளின் கதையும் இதே வழியில்தான் போகிறது: முதல் முதலாளி கைவிட்டதை இன்னொருவர் எடுத்து, பழைய இரும்புக்கு வெட்டும் நாளைத் தள்ளிப்போட்டிருக்கிறார்.

முதல் பத்தாண்டு நார்த் சிகாகோவில் ஓர் இரும்பு வார்ப்பாலையின் வளாகத்தில் கழிந்தது. வண்டிகள் சேரச் சேர இடம் போதவில்லை. 1964-இல் யூனியனுக்கு மாறினார்கள். 1907 முதல் 1930 வரை எல்ஜின், பெல்விடீர் ஊர்களை இணைத்த மின்ரயிலின் பழைய பாதை அங்கே கிடந்தது. அதன்மேல் உறுப்பினர்களே தண்டவாளம் பதித்து, கம்பம் நட்டு, மின்கம்பி இழுத்தார்கள். இன்று முதன்மைத் தடம் சுமார் 8 கி.மீ. நீளம். வளாகத்துக்குள் டிராம்கள் சுற்றிவர ஒன்றரைக் கி.மீ. அளவில் தனி வட்டத் தடம் உண்டு.

பயணிகள் ஏறும் நிலையமும் இரவல்தான். அருகிலுள்ள மரெங்கோ ஊரில் 1851-இல் கட்டிய நிலையக் கட்டடத்தை 1967-இல் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள். முதன்மைத் தடத்தின் மேல் 600 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி ஓடுவதால், ஒரே நடைமேடையில் மின்ரயிலும் நீராவி ரயிலும் டீசல் ரயிலும் மாறி மாறி வந்து நிற்கும் காட்சி இங்கே சாதாரணம்.

டிராம்களில் பலரும் தேடிப் பார்ப்பது 4391-ஆம் எண் வண்டி. சிகாகோவின் டிராம் அமைப்பு ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அது 600 புதிய டிராம்களை வாங்கியது. காரில் இருப்பதுபோல் கால் மிதியால் வேகம் கூட்டவும் பிரேக் போடவும் முடிந்த நவீன வண்டிகள். பச்சை நிறத்தாலும் வேகத்தாலும் ‘பச்சைக் குளவி’ என்று பெயரெடுத்தவை. ஆனால் பத்தாண்டுக்குள் நகர நிர்வாகம் பஸ்களின் பக்கம் சாய்ந்தது. டிராம்களைப் பிரித்து, மோட்டார்களையும் பிற உறுப்புகளையும் புதிய மேம்பால ரயில் பெட்டிகளில் பொருத்தினார்கள். கடைசி டிராம் 1958 ஜூன் 21-இல் ஓடி நின்றது. அந்த 600 வண்டிகளில் முழுதாக எஞ்சியது 4391 ஒன்றுதான். அதற்கு ஓட்டுநர் இருக்கை ஒரு முனையில் மட்டுமே. ஆகவே வட்டத் தடம் அதற்கு இன்றியமையாதது.

எலெக்ட்ரோலைனர் இன்னும் சுவையான வண்டி. சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் இடையே ஓடிய நார்த் ஷோர் நிறுவனம் 1941-இல் இரண்டு தொடர்களை வாங்கியது. சிகாகோவில் அவை மேம்பால ரயில் தடத்தின் குறுகிய வளைவுகளில் திரும்ப வேண்டும். மில்வாக்கியில் தெருவில் டிராம்போல் ஊர வேண்டும். இடைப்பட்ட வெளியில் மணிக்கு 130 கி.மீ.க்கு மேல் பறக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்த மூன்று வேலைகளையும் ஒரே வண்டி செய்தது என்பது வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம். உள்ளே ஒரு மதுக்கூடமும் இருந்தது; அங்கே விற்ற பர்கருக்கு ‘எலெக்ட்ரோபர்கர்’ என்று பெயர். 1963 ஜனவரி 21-இல் தடம் மூடப்பட்டதும் இரு தொடர்களும் ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்கப்பட்டு அங்கே உழைத்தன. ஒன்று பிறகு யூனியனுக்கு வந்தது. மற்றது பென்சில்வேனியாவின் ராக்ஹில் டிராலி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீராவிப் பிரிவின் நாயகன் ஃபிரிஸ்கோ 1630. இதைச் செய்தது பால்டுவின் தொழிற்சாலை, 1918-இல், ரஷ்யாவுக்காக. அங்கே புரட்சி வெடித்து ஆட்சி மாறவே, கட்டி முடித்த சுமார் இருநூறு இன்ஜின்கள் கப்பலேறவில்லை. ரஷ்ய அகலப்பாதை அளவான 1,524 மி.மீ.க்குச் செய்த சக்கரங்களுக்கு அகலமான இரும்புப் பட்டை போட்டு, அமெரிக்காவின் 1,435 மி.மீ. பாதைக்கு ஒப்பேற்றி உள்நாட்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். பத்து இயக்கு சக்கரங்களில் எடை பரவியதால் வலுவில்லாத கிளைத் தடங்களுக்கு அது பொருந்தியது. 1630 இறுதியில் ஒரு சுரங்க நிறுவனத்திடம் சரக்கு இழுத்துவிட்டு, 1967-இல் இங்கே வந்தது. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2014-இல் மீண்டும் புகைவிட்டது.

நெப்ராஸ்கா செஃபிர் என்ற துருப்பிடிக்காத எஃகு ரயிலை 1936-இல் பட் நிறுவனம் கட்டியது. வீனஸ், வெஸ்டா, மினர்வா, சீரிஸ், ஜூனோ என ரோமானியப் பெண் தெய்வங்களின் பெயர் தாங்கிய பெட்டிகள் அதில் உண்டு. அதை இழுக்கும் ‘சில்வர் பைலட்’ டீசல் இன்ஜின், இ5 வகையில் உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே இன்ஜின்.

ஓட்டினால் தேயும். இந்த அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சிக்கல் அதுவே. பழைய டிராமின் பல்சக்கரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. வார்க்க வேண்டும் அல்லது இன்னொரு வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். ஓட்டுவது, டிக்கெட் பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, கம்பி சரிபார்ப்பது எல்லாம் பெரும்பாலும் தன்னார்வலர்கள் கையில். ஒரு பெட்டியைச் சீரமைக்கப் பல ஆண்டுகள் பிடிப்பது இங்கே இயல்பு. நீராவி ரயில் எல்லா நாளும் ஓடாது. அதற்காகவே வருபவர் கோடைக்கால அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

எல்லாவற்றையும் ஓட்டிவிடவும் முடியாது. யூனியன் பசிபிக் நிறுவனத்தின் 18-ஆம் எண் வாயுச் சுழலி இன்ஜின் 8,500 குதிரைத்திறன் கொண்டது. மலிவாகக் கிடைத்த கசட்டு எண்ணெயை எரித்து மேற்குச் சமவெளிகளில் நீண்ட சரக்கு ரயில்களை இழுத்தது. சும்மா நின்றாலும் எண்ணெய் குடிக்கும் குணம் அதற்கு. எண்ணெய் விலை ஏறியதும் அந்த வகையின் காலம் முடிந்தது. அவ்வகையில் கட்டிய முப்பதில் மிஞ்சியவை இரண்டே: ஒன்று யூட்டா மாநிலத்து ஆக்டனில், மற்றொன்று இங்கே. இரண்டுமே ஓடுவதில்லை.