ஆக்கசாலை வடித்த ஆழ்வார்

தில்லையில் ஈழத்துப் புத்தரோடு வாதிட்டு மாணிக்கவாசகர் வென்றார் என்பது புராண மரபு. அச்சொற்போரை நினைவில் வைத்த தமிழுலகம், தில்லைக்குத் தெற்கே அதே சோழக் கடற்கரையில் புத்தருக்குச் செம்பில் திருமேனி வார்த்த கைகளைப் பெரிதும் மறந்துவிட்டது.

நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரம் கடாரத்து அரசர் எடுத்தது. சைவப் பேரரசனாகிய முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகள் பின்னாளில் ஒல்லாந்து சென்று லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மேல் படை செலுத்திய பின்னும் இவ்வறம் அழியவில்லை. முதற் குலோத்துங்கனின் 1090ஆம் ஆண்டுச் செப்பேடுகள் அதற்குச் சான்று.

1856 முதல் அந்நகர மண்ணினின்று ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் வெளிப்பட்டன. டி. என். இராமச்சந்திரன் 1954இல் அவற்றை ஆராய்ந்து நூலாக்கினார். மெழுகில் உருச்செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை ஒழுகவிட்டு, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகம் வார்க்கும் முறையே இவற்றுக்கும் உரியது. நடராசரை ஈன்ற அதே கலை, உச்சியில் தீச்சுடர் ஏந்திய புத்தரையும் ஈன்றது.

இவற்றுள் நியூயார்க்கின் ஆசியச் சங்கத்தில் உள்ள புத்தர் படிமம் தனிச்சிறப்புடையது. அதன் பீடத்தில் பொறித்த தமிழ் எழுத்துகள், இராசேந்திர சோழப் பெரும்பள்ளியையும் ஆக்கசாலைப் பெரும்பள்ளியையும் குறித்து, அப்படிமத்தைத் திருவிழாவுக்கு எழுந்தருளும் மேனியாகச் சுட்டுகின்றன. ஆக்கசாலை என்பது பொன்னும் உலோகமும் பணிசெய்யும் இடம். புத்தரின் கோயிலை அவ்வெழுத்துகள் ஆழ்வார் கோயில் என்கின்றன. வைணவ அடியாருக்கு வழங்கும் சொல் புத்தருக்கும் உரியதாக இருந்தது!

கீழ்த்திசையிலும் இத்தொடர்பு விரிந்தது. ஜப்பானின் நாரா நகரத்து வெண்கலப் பெரும்புத்தருக்கு 752இல் கண்திறப்புச் சடங்கு நிகழ்த்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. படிமத்துக்குக் கண் திறத்தல் சுவாமிமலைத் தபதியரிடம் இன்றும் வாழும் மரபாகும்.

கடலோடிகளுக்கு அடையாளமாய் நின்ற நாகையின் செங்கற் கோபுரம் 1867இல் அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது. கோபுரம் போயிற்று, பீடத்தின் எழுத்து நிலைத்தது. சமயங்கள் வாதிட்டன; உலைக்களமும் தமிழும் அவற்றுக்குப் பொதுவாய் நின்றன. சொல்லை வார்க்கும் பாவலர் எண்ணிப் பார்க்கத்தக்க உண்மை இது.