பயனர் கணக்கும் நிர்வாகிக் கணக்கும் (வீட்டுக் கணினியில்)

ஒரே கணினியைப் பலர் புழங்கும்போது யார் எதைத் தொடலாம் என்று இயங்குதளம் வகுத்துவைக்கும் எல்லையே கணக்கு. நிர்வாகி மென்பொருள் நிறுவலாம், நீக்கலாம். பிறருக்குக் கணக்குத் திறந்து, அவர்கள் கடவுச்சொல்லையும் மாற்றலாம். சாதாரணப் பயனருக்குத் தன் கோப்புகளும் தன் அமைப்புகளும் மட்டுமே கைவசம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர் போன்ற பேரூராட்சிகளில் பல வீடுகளுக்கு முதல் கணினியே அந்த மடிக்கணினியாகத்தான் இருந்தது. பிளஸ் டூ மாணவியின் பெயரில் வந்தாலும் அது அவளோடு நின்றதில்லை. தம்பி விளையாடுவான், அப்பா படம் பார்ப்பார், விடுமுறைக்கு வந்த மாமா மகன் ஏதேதோ இறக்குவான். எல்லோருக்கும் ஒரே கணக்கு, அதுவும் நிர்வாகிக் கணக்கு. இதை வீட்டாரின் அலட்சியம் என்று சொல்வது நியாயமல்ல. விண்டோசில் முதலில் திறக்கும் கணக்கு தானாகவே நிர்வாகியாகிவிடுகிறது; இரண்டாவது கணக்கு திறக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

1970களின் யூனிக்சிலேயே 'ரூட்' என்ற தலைமைக் கணக்கு தனியே இருந்தது. அந்த வழிவந்த லினக்சிலும், அதனால் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சிலும், அன்றாட வேலை வேறு, ரூட் வேறு. விண்டோஸ் 95, 98 பதிப்புகளில் இப்படியொரு தடுப்பு இல்லை. 2001இல் வந்த எக்ஸ்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தும், நிறுவும்போது திறக்கும் கணக்குகளையெல்லாம் நிர்வாகியாக்கியது. 2007இல் வெளியான விஸ்டாதான் முக்கிய மாற்றத்துக்குமுன் அனுமதி கேட்கத் தொடங்கியது.

அந்தக் கேள்வியில்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நிர்வாகிக் கணக்கில் 'ஆம்' என்று ஒரு கிளிக் போதும். பழகிய விரல் படிக்காமலே அழுத்திவிடும். சாதாரணக் கணக்கிலோ நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். தம்பி அக்காவைக் கூப்பிட்டாக வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பல தீம்பொருள்கள் வாசலிலேயே நின்றுபோகும்.

ஆனாலும் இது முழுக் காப்பல்ல. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருள் சாதாரணக் கணக்கில் நுழைந்தாலும் அந்தப் பயனரின் படங்களைப் பாழாக்கும். கல்யாணப் படங்களைப் பென்டிரைவிலும் பிரதியெடுத்து வைப்பதற்கு மாற்று கிடையாது.

பயனர் கடவுச்சொல்லை மறந்தால் நிர்வாகி மாற்றித் தருவார். இருக்கும் ஒரே நிர்வாகியும் மறந்துவிட்டால், பெரும்பாலும் சர்வீஸ் கடையில் புதிதாக விண்டோஸ் போட்டுத்தான் கணினி திரும்பும், கோப்புகள் போனாலும் போகும். அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, பீரோவில் பத்திரத்தோடு வைப்பது நல்லது.