ஹொட்ஜ், போயர், ராமசாமி

பண்டாரவளையில் வசிக்கும் நண்பர் ஒருவரின் மகள் உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் பயில்கிறார். சென்ற விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கவிதையைக் கொண்டுவந்து காட்டினார். "மாமா, இது நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரனைப் புகழும் கவிதை என்று எங்கள் குறிப்பில் இருக்கிறது. எத்தனை முறை வாசித்தும் புகழ்ச்சி எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை" என்றார்.

தோமஸ் ஹார்டி எழுதிய, முரசறையும் சிறுவன் ஹொட்ஜ் பற்றிய கவிதை அது. தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கிய சில வாரங்களில், 1899 நவம்பரில், 'இறந்த முரசறைவோன்' என்ற பொருள்படும் தலைப்பில் வெளியாயிற்று. பிள்ளையின் ஐயம் நியாயமானது. பல்கலைக்கழகத்தில் இதே கவிதையைப் படித்த காலத்தில் நானும் அதைத் தேசபக்திப் பாடலாகவே விளங்கிக்கொண்டிருந்தேன். அதன் பொருள் எனக்குத் துலங்கியது நூலகத்தில் அன்று. நண்பரின் வீட்டிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள தியத்தலாவையில்.

கவிதையில் நடப்பது மிகக் குறைவு. இறந்த சிறுவனைச் சவப்பெட்டியும் இல்லாமல் ஒரு குழியில் இடுகிறார்கள். அடையாளமாக அருகில் ஒரு குன்று மட்டும் இருக்கிறது. அந்த வெட்டவெளியின் பெயரும் அங்குள்ள விண்மீன்களும் அவனுக்குக் கடைசிவரை அந்நியமானவை. பின்னர் அவன் உடல் அந்த மண்ணின் மரமொன்றுக்கு உரமாகிறது. அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, வெற்றியோ தோல்வியோ இல்லை. எதற்காக இறந்தான் என்பதற்கும் விடை இல்லை. அந்த மௌனத்தைக் கவனியாதவர்களே இதனை வீரப் புகழ்ச்சி என்று குறிப்பெழுதுகிறார்கள். முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் ரூபர்ட் புரூக் எழுதிய கவிதையில், ஆங்கிலேயன் புதையுண்ட அந்நிய நிலம் என்றென்றைக்கும் இங்கிலாந்தாகிவிடும். ஹார்டியின் கவிதையிலோ இங்கிலாந்தின் பிள்ளை அந்நிய மரமாகிவிடுகிறான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எது போருக்கு எதிரானது என்பது விளங்கும்.

ஹொட்ஜ் என்பது அச்சிறுவனின் இயற்பெயர் அன்று. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பண்ணைக் கூலியாளை நகரத்தார் ஏளனமாக அழைத்த பொதுப்பெயர் அது. மந்தபுத்தி, சேற்றுக்கால், எல்லோரும் ஒரே அச்சு என்ற பொருளெல்லாம் அதற்குள் அடக்கம். 1883 இல் தம் டோர்செட் மாவட்டத்துத் தொழிலாளர் பற்றி ஹார்டி எழுதிய கட்டுரையில், ஹொட்ஜ் என்று ஒருவன் இல்லை, வேறுவேறு மனிதர்களே இருக்கிறார்கள் என்று வாதிட்டார். அதே ஹார்டி பதினாறு ஆண்டுகளின் பின் அப்பெயரைக் கவிதையில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

மலையகத்தவர்களுக்கு இத்தகைய பெயர் புதிதன்று. 1886 இல் முதலில் வெளியான ஹொப்சன்-ஜொப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் 'ராமசாமி' ஒரு பதிவாகவே இருக்கிறது. பிரித்தானியச் சிப்பாயை 'டொமி அட்கின்ஸ்' என்பதைப் போல இந்துக்களுக்கான பொதுப்பெயர் இது, சிறப்பாக இலங்கை முதலிய இடங்களின் கூலிகளைக் குறிக்கும் என்று அது விளக்கம் தருகிறது. சிப்பாயின் பட்டப்பெயரும் கூலியின் பட்டப்பெயரும் ஒரே பதிவில்! பின்னாளில் நம்மவர்களே 'தோட்டக்காட்டான்' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனித் தியத்தலாவைக்கு வருவோம். 1900 ஓகஸ்டிலிருந்து போயர் கைதிகள் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 5,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் புகையிரதத்தில் மலையேற்றப்பட்டு, தியத்தலாவையில் முள்கம்பி வேலிக்குள் தகரக் கொட்டகைகளில் அடைக்கப்பட்டனர். சிறுவரும் இருந்தனர், முதியவரும் இருந்தனர். போயர் என்ற டச்சுச் சொல்லுக்கும் பொருள் உழவன் என்பதுதான். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் இந்த நாட்டிலேயே இறந்தனர். பலரைக் கொன்றது நெருப்புக்காய்ச்சல். தென்னாபிரிக்காவில் இறந்த சுமார் 22,000 பிரித்தானியப் படையினரிலும் பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றவை குண்டுகள் அல்ல, இதே காய்ச்சலும் பிற நோய்களுமே.

போயர்களைப் புனிதர்களாக்குவது என் நோக்கமன்று. அவர்கள் காக்கப் போரிட்ட நிலம் கறுப்பின மக்களிடமிருந்து பறித்தது. ஆயினும் தியத்தலாவையில் அவர்களுடைய கல்லறைகளின் முன் நின்றபோது ஹார்டியின் கவிதை எனக்குக் கண்ணாடி பிம்பம்போல் தலைகீழாகத் தெரிந்தது. டோர்செட்டின் உழவர் மகன் தென்னாபிரிக்க மண்ணில். தென்னாபிரிக்காவின் உழவன் ஊவா மண்ணில். இருவரையும் இடம்பெயர்த்தது ஒரே பேரரசு.

1902 இல் சமாதானம் ஏற்பட்டதும் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினர். ஏங்கல்பிரெக்ட் என்பவர் மறுத்து இங்கேயே தங்கி, யால சரணாலயத்தின் காவலராகி, 1922 இல் இறந்தார்.

அந்தப் புகையிரதப் பாதையின் இருபுறமும் தேயிலை. அதற்கு முன்பே மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மடிந்தவர் போக எஞ்சியவர்கள் வந்து சேர்ந்த மலைகள் இவை. தமிழகத்து உழவர்களும் உழவுக் கூலிகளும். போயரின் பெயர் கல்லில் இருக்கிறது. ராமசாமியின் பெயரோ செக்ரோலில் மட்டும் இருந்தது; இறந்த மறுநாள் அதிலிருந்தும் நீங்கிற்று. தேயிலைக்கு அடியில் அடையாளமின்றிப் புதைந்தவர்களைப் பற்றி ஸி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் பாடினார். அவர் எந்த யுத்தத்தையும் பாடவில்லை. ஆனாலும் அந்தக் கவிதையையும் ஹார்டியையும் சேர்த்து வாசிக்கும்படி நண்பரின் மகளிடம் சொன்னேன்.

விண்மீன்களைப் பற்றியும் சொன்னேன். டோர்செட்டில் இரவெல்லாம் தெரியும் சப்தரிஷி மண்டலம் ஹொட்ஜ் புதைந்த கேப் பகுதியின் வானில் முழுமையாக ஏறிவருவதில்லை. அங்கே தலைக்கு மேல் நிற்கும் திரிசங்கு, அதாவது தென்சிலுவை, இங்கிலாந்தில் தெரியவே தெரியாது. ஊவா மலைகளிலோ சித்திரை, வைகாசி இரவுகளில் வடக்கே சப்தரிஷியையும் தெற்கே தாழ்வாகத் திரிசங்கையும் ஒருங்கே காணலாம். பிள்ளை உடனே முற்றத்துக்கு இறங்கிப் பார்த்தார். அன்று வானம் மூடியிருந்தது.